ஒழுகும் இடம் வேறு, ஊற்றுக்கண் வேறு

பழைய மஸ்டா எம்எக்ஸ்-5 வைத்திருப்பவர்களுக்கு ஒர்க்‌ஷாப்பிலிருந்து அடிக்கடி வரும் தீர்ப்பு ஒன்று உண்டு. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேருமிடத்தில், பெல் ஹவுசிங்கின் அடிவிளிம்பில் ஆயில் சொட்டுகிறது. ஆகவே கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க சீல் போய்விட்டது. கியர்பாக்ஸை இறக்கி, கிளட்சையும் ஃப்ளைவீலையும் கழற்றினால்தான் அதை மாற்ற முடியும். வேலை பெரியது, கூலி அதைவிடப் பெரியது. ஆனால் 1989இல் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமாகி 1997 வரை தயாரான முதல் தலைமுறை எம்எக்ஸ்-5களில், அந்த ஆயில் பல நேரம் கிராங்க் பக்கமிருந்து வருவதே இல்லை.

சிலிண்டர் ஹெட்டின் பின்கோடியில், ஃபயர்வாலை ஒட்டினாற்போல், கேம் ஆங்கிள் சென்சார் செருகப்பட்டிருக்கிறது. அதன் கழுத்தில் ஒரே ஒரு ரப்பர் ஓ-ரிங். பல ஆண்டுச் சூட்டில் அந்த வளையம் இறுகித் தட்டையாகி, விரலால் வளைத்தால் முறிந்துவிடும் நிலைக்கு வந்துவிடுகிறது. அதைத் தாண்டி வரும் ஆயில் எஞ்சினின் முதுகில் வழிந்து, பெல் ஹவுசிங்கைச் சுற்றி இறங்கி, பின்பக்க சீல் கசிந்தால் எங்கே சொட்டுமோ அதே இடத்தில் சொட்டுகிறது. போகிற வழியில் ஹீட்டர் குழாயையும் நனைத்து அதன் ரப்பரை ஊறவைக்கிறது. மாற்ற வேண்டியது சொற்ப விலையுள்ள ஒரு வளையம். கழற்ற வேண்டியது ஒரு போல்ட்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் ஆயில் லீக் பற்றிய கேள்வி முழுவதும் இந்த ஓர் உதாரணத்துக்குள் அடங்கியிருக்கிறது. ஆயில் எங்கே சொட்டுகிறது என்பது யார் கண்ணிலும் படும். எங்கிருந்து புறப்படுகிறது என்பதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்தத் தேடலைத் தவிர்த்துவிட்டு ஸ்பானரை எடுப்பதுதான் இந்த வகைக் கார்களில் நேரும் மிகப் பெரிய வீண்செலவு. புறப்படும் இடம் தெரிந்த பிறகு இன்னும் மூன்று விஷயங்களைத் தீர்மானிக்க வேண்டும்: ஆயில் எதன்மேல் விழுகிறது, எவ்வளவு வேகமாக விழுகிறது, அதை நிறுத்த எவ்வளவு தூரம் பிரிக்க வேண்டும். பழுதை உடனே பார்ப்பதா, தள்ளிப்போடுவதா, அந்தக் காரையே வேண்டாம் என்று விடுவதா என்பது இந்த மூன்றையும் பொறுத்தது.

ரப்பர் ஏன் தோற்கிறது

எஞ்சினுக்குள் ஆயிலை அடைத்து வைப்பவை இரண்டு வகை. அசையாத இரண்டு பரப்புகளுக்கு நடுவே நசுங்கி உட்கார்ந்திருக்கும் கேஸ்கட்டும் ஓ-ரிங்கும் ஒரு வகை. சுழலும் தண்டைச் சுற்றி மெல்லிய உதடு போலப் பற்றிக்கொண்டிருக்கும் ஆயில் சீல் இன்னொரு வகை. கேஸ்கட்டும் ஓ-ரிங்கும் நெகிழ்ச்சியை இழந்தால் ஒழுகும். சீலின் உதடு தேய்ந்தாலோ, காய்ந்தாலோ, அது பற்றியிருக்கும் தண்டில் பள்ளம் விழுந்தாலோ ஒழுகும்.

நெகிழ்ச்சி போவதற்கு முதல் காரணம் சூடு. பழைய கார்களில் பரவலாக இருந்த நைட்ரைல் ரப்பர் 100 டிகிரி செல்சியசைச் சற்றுத் தாண்டும்வரைதான் நீண்டகாலம் தாக்குப்பிடிக்கும். ஃப்ளோரோகார்பன் ரப்பர் 200 டிகிரி வரை தாங்கும். சாதாரணமாக ஓடும் எஞ்சினில் ஆயிலின் சூடு 90 முதல் 110 டிகிரி வரை இருக்கும். ரேஸ் டிராக்கில் விரட்டினால் 130ஐத் தாண்டுவது சகஜம். ஸ்போர்ட்ஸ் காரில் எஞ்சின் அறை குறுகலானது, காற்றுக்கு இடமில்லை, எக்ஸாஸ்ட் குழாய்கள் கைக்கெட்டும் நெருக்கத்தில் இருக்கின்றன. காரை நிறுத்திய பிறகு காற்றோட்டமும் நின்றுவிடுவதால் அந்தச் சில நிமிடங்களில் மேல்பக்கக் கேஸ்கட்டுகள் இன்னும் அதிகமாகச் சுடுகின்றன.

இரண்டாவது காரணம் ஓய்வு. இதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. தினமும் ஓடும் காரின் சீல் உதட்டுக்கும் தண்டுக்கும் நடுவே மெல்லிய ஆயில் படலம் எப்போதும் இருக்கும். உதடு தேயாமல் காப்பதே அந்தப் படலம்தான். ஸ்போர்ட்ஸ் கார் விடுமுறை நாளுக்கென்று ஒதுக்கப்பட்ட கார். ஆண்டில் எட்டு மாதம் போர்வைக்குள் தூங்கினால் படலம் வடிந்து, உதடு காய்ந்து, ஒரே நிலையில் அழுந்திக் கிடந்து அந்த வடிவத்திலேயே உறைந்துவிடும். இருபத்தைந்து வயதான ஒரு கார் 40,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது என்று விற்பவர் பெருமையாகச் சொல்லும்போது, அதன் ரப்பருக்கும் அதே இருபத்தைந்து வயது என்பதை வாங்குபவர் நினைவில் கொள்ள வேண்டும்.

மூச்சு விடாத எஞ்சின்

மூன்றாவது காரணம் அழுத்தம். புதிய சீல் போட்டும் ஒழுகுகிறது என்ற புகார்களில் பலவற்றின் வேர் இதில்தான் இருக்கிறது. பிஸ்டன் வளையங்களைத் தாண்டி, எரிந்த வாயுவில் சிறு பங்கு எப்போதும் கிராங்க்கேசுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். அது வெளியேற வழி வேண்டும். பழைய எஞ்சின்களில் ஒரு குழாய் வழியாக நேரே சாலையில் விட்டார்கள். நச்சுப்புகையால் திணறிய கலிஃபோர்னியா 1961 மாடல் கார்களிலிருந்து, அந்த வாயுவை மறுபடியும் எஞ்சினே உறிஞ்சி எரிக்கும் பிசிவி அமைப்பைக் கொண்டுவந்தது. பின்னர் உலகமே அதைப் பின்பற்றியது.

அந்த அமைப்பின் சிறிய வால்வோ அதன் குழாயோ கசடால் அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறும். எஞ்சினின் எந்த மூலை வலுவிழந்திருக்கிறதோ அந்த வழியாக ஆயிலைத் தள்ளிக்கொண்டு வாயு வெளியேறும். அப்போது ஒரு சீலை மாற்றினால் அடுத்த சீல் ஒழுகும். சோதனை எளிது. எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, வாயின்மேல் மெல்லிய தாளை வைத்துப் பார்க்க வேண்டும். ஆரோக்கியமான எஞ்சின் பெரும்பாலும் தாளை இலேசாக உள்ளே இழுக்கும். தாள் மேலே எழும்பிப் படபடத்தால், வெறும் அடைப்பா, பிஸ்டன் வளையங்களே தேய்ந்துவிட்டனவா என்று அடுத்துப் பார்க்க வேண்டும். அடைப்பு என்றால் பிசிவி வால்வை மாற்றினாலே பாதிக் கசிவு நிற்பதுண்டு. வளையத் தேய்மானம் என்றால் அது லீக் பிரச்சினை அல்ல, எஞ்சினையே பிரிக்க வேண்டிய பிரச்சினை.

போர்ஷே பாக்ஸ்டரிலும் 996 வகை 911இலும் இந்த வேலையைச் செய்வது ஏர்-ஆயில் செபரேட்டர். அதன் உள்ளிருக்கும் சவ்வு கிழிந்தால் விளைவு எதிர்த்திசையில் போகும். இன்டேக்கின் உறிஞ்சல் நேரே கிராங்க்கேசுக்குள் பாய்ந்து, ஓடும்போது ஆயில் மூடியைத் திறக்கவே முடியாதபடி இழுத்துப் பிடிக்கும். ஆயிலும் இன்டேக்கில் இழுபட்டு எரிந்து, ஸ்டார்ட் செய்ததும் வெண்புகை மண்டும். தரையில் ஒரு சொட்டு இருக்காது. ஆனால் ஆயில் அளவு குறைந்துகொண்டே போகும்.

வடிவமைப்பிலேயே இருந்த ஒழுகல்

சில கார்கள் ஒழுகுவது பராமரிப்புக் குறையால் மட்டும் அல்ல. 1962இல் வந்த எம்ஜிபியின் முதல் எஞ்சினில் கிராங்க்கின் பின்கோடியில் ரப்பர் சீலே கிடையாது. தண்டிலேயே திருகுமரை போன்ற ஒரு வரி வெட்டப்பட்டிருக்கும். தண்டு சுழலும்போது அந்த வரி ஆயிலை உள்நோக்கி வாரித் தள்ளும். எஞ்சின் நின்றதும் அது சும்மா இருக்கும் ஒரு பள்ளம்தான். மேட்டில் நிறுத்திய காரில் ஆயில் அதன் வழியே மெல்ல நழுவி இறங்கும். ட்ரையம்ஃப் டிஆர் வரிசையின் தொடக்கக் கார்களிலும் இதே ஏற்பாடு. ஜாகுவாரின் எக்ஸ்கே எஞ்சினில் பின்னாளில் வந்தது கிராஃபைட் தோய்த்த கயிறு சீல். அதை முறையாக மாற்ற கிராங்க்கையே வெளியே எடுக்க வேண்டும். இந்தக் கார்களுக்கு இன்று உதடு சீல் பொருத்தும் மாற்றுக் கிட்டுகள் விற்கின்றன. எஞ்சினை வேறு காரணத்துக்காகப் பிரிக்கும்போது அவற்றைப் போட்டுவிடுவது புத்திசாலித்தனம். ஒரு சிறு கசிவை நிறுத்துவதற்கென்றே நன்றாக ஓடும் எஞ்சினைப் பிரிப்பது அப்படியல்ல.

ஏர்-கூல்டு 911இன் கதை வேறு. சிலிண்டர்கள் இருபுறமும் படுத்திருப்பதால் ஆயில் வடிந்து வந்து கீழ்ப்பக்க வால்வ் கவரின் கேஸ்கட்டை நனைத்துக்கொண்டே இருக்கும். நம் ஊர் மெக்கானிக்குகள் டேப்பட் கவர் என்று சொல்லும் அதே மூடிதான். அதற்குப் பக்கத்திலேயே எக்ஸாஸ்டைச் சுற்றி ஹீட் எக்ஸ்சேஞ்சர். காருக்குள் வரும் வெப்பக்காற்று அதைத் தொட்டுத்தான் வருகிறது. ஒரு துளி அதன்மேல் விழுந்தால் போதும், தரையில் கறை தெரியும் முன்பே ஹீட்டரைத் திறந்ததும் கருகிய எண்ணெய் வாடை உள்ளே வரும். ஆயில் திரும்பிவரும் குழாய்களின் ஓ-ரிங்குகள், செயின் பெட்டியின் மூடி, எஞ்சினின் மேல்தளத்தில் ஆயில் பிரஷர் சென்சாரும் தெர்மோஸ்டாட்டும் பிரீதர் மூடியும் நெருங்கி உட்கார்ந்திருக்கும் முக்கோணப் பகுதி ஆகியவையும் இந்தக் கார்களில் வழக்கமாகக் கசியும் இடங்கள். 1989இல் விற்பனைக்கு வந்த 964 வகை 911இன் தொடக்க ஆண்டு எஞ்சின்களில் சிலிண்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவே தனி கேஸ்கட் வைக்காமலேயே அடைக்கப் பார்த்தார்கள். அங்கிருந்து ஆயில் கசிந்ததால் பிறகு வடிவமைப்பே திருத்தப்பட்டது. 964 வாங்கப் போகிறவர் தயாரிப்பு ஆண்டையும் எஞ்சின் பிரிக்கப்பட்டதா என்பதையும் கேட்பது இதனால்தான்.

இந்தக் கார்களில் ஆயில் அளவு பார்ப்பதற்கே தனி முறை உண்டு. அவை டிரை சம்ப் வகை. ஆயிலின் பெரும்பகுதி தனித் தொட்டியில் இருக்கும். எஞ்சின் முழுச் சூட்டில், சமதளத்தில், ஐடிலில் ஓடும்போதே டிப் ஸ்டிக்கைப் பார்க்க வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் பார்த்துக் குறைகிறது என்று ஊற்றினால் தொட்டி நிரம்பி, மிஞ்சியது பிரீதர் வழியாக இன்டேக்குக்குள் போகும். ஒழுகாத கார் ஒழுகுவதுபோலத் தோன்றும்.

ஒரே இடம், மூன்று குற்றவாளிகள்

1996இல் பாக்ஸ்டரும் அடுத்த ஆண்டு 996 வகை 911உம் புதிய வாட்டர்-கூல்டு எஞ்சினுடன் வந்தன. எம்96 எனப்படும் அந்த எஞ்சின் ரியர் மெயின் சீல் கசிவுக்குப் பெயர் போனது. கிராங்க்கின் ஃப்ளைவீல் பக்கத்து ரப்பர் சீல் பல கார்களில் சில பத்தாயிரம் கிலோமீட்டரிலேயே ஈரம் காட்டியது. போர்ஷே சீலின் வடிவத்தைத் திருத்தி, கடைசியில் டெஃப்லான் வகைப் பொருளால் ஆன சீலுக்கு மாறியது. புதிய சீலை ஆயிலோ கிரீஸோ தடவாமல் உலர்ந்தபடி, சிறப்புக் கருவியால் குறிப்பிட்ட ஆழத்தில், கோணாமல் பொருத்த வேண்டும். சுத்தியலால் தட்டி உட்கார வைத்தால் மறுபடியும் ஒழுகும்.

ஆனால் கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்தால் அதே இடத்தில் வேறு இரண்டு சந்தேகங்களும் இருக்கின்றன. சீலுக்குக் கீழே இன்டர்மீடியட் ஷாஃப்டின் மூன்று போல்ட் மூடி. பக்கத்தில் கிராங்க்கேசின் இரு பாதிகளைப் பிணைக்கும் போல்ட்கள். மூன்றில் எது கசிந்தாலும் ஆயில் ஒரே இடத்தில்தான் சொட்டும். அந்த மூடிக்குப் பின்னால் இருக்கும் பேரிங் உடைந்தால் எஞ்சினே போய்விடும் என்பது போர்ஷே உரிமையாளர்கள் எல்லோரும் அறிந்தது. 2001 முதல் 2005 வரையிலான மாடல்கள் குறித்து அமெரிக்காவில் உரிமையாளர்கள் கூட்டாகத் தொடுத்த வழக்கு 2013இல் சமரசத்தில் முடிந்தது. ஆகவே அனுபவமுள்ள மெக்கானிக் இந்த லீக்கைத் தனியாகப் பார்ப்பதில்லை. கியர்பாக்ஸ் இறங்கும் அன்றே சீல், மூடியின் அடைப்பு, பேரிங், தேய்ந்திருந்தால் கிளட்ச் எல்லாவற்றையும் முடித்துவிடுவார். ஃப்ளைவீல் போல்ட்கள் ஒருமுறை மட்டும் பயன்படுத்த வேண்டியவை. அவையும் புதிதாக வேண்டும். ரியர் மெயின் சீல் இலேசாக ஈரம் மட்டும் காட்டி, சொட்டாமல் இருந்தால், கிளட்ச் தேயும்வரை காத்திருப்பதில் தவறில்லை.

இந்தக் கார்களில் இன்னொரு சிக்கல், அடித்தட்டுகள். காற்றோட்டத்துக்காக எஞ்சினுக்கு அடியில் பொருத்தப்பட்ட பிளாஸ்டிக் தகடுகள் ஒழுகும் ஆயிலைத் தட்டுப்போல ஏந்திக்கொள்ளும். மாதக்கணக்கில் ஒழுகியும் தரை சுத்தமாக இருக்கும். லிஃப்டில் ஏற்றி, தகடுகளைக் கழற்றிப் பார்க்காத எந்தப் பரிசோதனையும் ஸ்போர்ட்ஸ் காரில் செல்லாது.

கண்ணுக்குத் தெரியாத கசிவும் இருக்கிறது. நிஸான் 370இசட்டின் தொடக்க ஆண்டு எஞ்சின்களில், டைமிங் கவருக்குப் பின்னால் ஆயில் பாதைகளை அடைக்கும் கேஸ்கட் காகித வகை. அது கிழிந்தால் ஆயில் எஞ்சினுக்குள்ளேயே சிதறி, அடித்தொட்டியான சம்ப்புக்கே திரும்பும். வெளியே ஒரு துளி வராது, அளவும் குறையாது. சூடான எஞ்சினின் ஆயில் பிரஷர் மட்டும் மெல்ல மெல்ல விழும். பிந்தைய தயாரிப்புகளில் உலோகக் கேஸ்கட் வந்தது. இந்தக் காரை வாங்குபவர் தரையைப் பார்ப்பதில் பயனில்லை. அரை மணி நேரம் ஓட்டிச் சூடாக்கிய பிறகு பிரஷரை அளக்க வேண்டும்.

எவ்வளவு ஒழுகினால் ஆபத்து

ஒரு கணக்கு உதவும். ஆயிலில் ஏறக்குறைய 30 துளி ஒரு மில்லிலிட்டர் என்று கொள்ளலாம். நிமிடத்துக்கு ஒரு துளி என்றால் ஒரு நாளைக்கு 1,440 துளி, அதாவது 48 மில்லி. மாதத்தில் கிட்டத்தட்ட ஒன்றரை லிட்டர். மொத்தமே ஏறக்குறைய நான்கு லிட்டர் கொள்ளும் எம்எக்ஸ்-5 எஞ்சினுக்கு அது பெரிய இழப்பு. ஆனால் இரவு முழுதும் நின்று காலையில் ஒரு ரூபாய் நாணய அளவில் ஒரு கறை என்றால், டிப் ஸ்டிக்கை வாரம் ஒருமுறை பார்த்துக்கொண்டு அடுத்த சர்வீஸ்வரை ஓட்டலாம்.

பிரிட்டனின் ஆண்டுச் சோதனையான எம்ஓடி 2018 மே மாதத்திலிருந்து இதற்கு ஓர் அளவே வைத்திருக்கிறது. ஐந்து நிமிடத்துக்குள் தரையில் 75 மில்லிமீட்டர் விட்டத்துக்கு மேல் தேங்கினால் கார் தேறாது. எஞ்சின் ஆயில் போன்ற திரவங்களுக்குத்தான் இந்த விதி, கூலன்ட்டுக்கு இல்லை.

அளவைவிட முக்கியம், விழும் இடம். எஞ்சின் ஆயில் 200 டிகிரிக்குச் சற்று மேலே தீப்பற்றக்கூடிய ஆவியை விடத் தொடங்கும். முழு வேகத்தில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் 500 டிகிரியைத் தாண்டும். 2014இல் போர்ஷே புதிய 911 ஜிடி3 கார்களின் விற்பனையை நிறுத்தியது. ஐரோப்பாவில் இரண்டு கார்களில் கனெக்டிங் ராடின் திருகு தளர்ந்து, ராட் கிராங்க்கேசைச் சேதப்படுத்தி, கொட்டிய ஆயில் தீப்பிடித்திருந்தது. 785 கார்களுக்கும் எஞ்சினையே மாற்றித்தர நிறுவனம் முடிவு செய்தது. அது சீல் கசிவு அல்ல. ஆனால் சூடான எக்ஸாஸ்ட்டின்மேல் ஆயில் கொட்டினால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. ஆகவே வால்வ் கவரிலிருந்து எக்ஸாஸ்ட் பக்கமாக வழியும் கசிவு எவ்வளவு சிறியதானாலும் முதல் இடத்தில் வைத்துச் சரிசெய்ய வேண்டியது.

அடுத்தது பெல்ட். பிஎம்டபிள்யூவின் என்54, என்55 எஞ்சின்களில் ஆயில் ஃபில்டர் ஹவுசிங்கின் கேஸ்கட் கசிந்தால் ஆயில் முன்பக்க டிரைவ் பெல்ட்டின்மேல் விழும். நனைந்த பெல்ட் நழுவி, நார்நாராகக் கிழிந்து, கிராங்க்கின் முன்பக்க சீலுக்குள்ளேயே இழுபட்டுப் போன சம்பவங்கள் பல உண்டு. அப்படிப் போனால் பெல்ட்டின் துணுக்குகளைப் பொறுக்க சம்ப்பை இறக்க வேண்டும். கிளட்ச் தட்டு நனைந்தால் வழுக்கும். சஸ்பென்ஷன் புஷ்களும் எஞ்சின் மவுன்ட்களும் ஊறினால் ரப்பர் பிதுங்கும். டிராக்கில் ஓட்டுபவருக்கு இதற்கெல்லாம் மேலாக ஒரு பொறுப்பு இருக்கிறது: வளைவில் கொட்டும் ஆயில் பின்னால் வருபவரின் டயருக்கு அடியில்தான் போகும்.

தேடும் முறை

முதலில் திரவத்தை அடையாளம் காண வேண்டும். வெள்ளை அட்டையை இரவு முழுதும் எஞ்சினுக்கு அடியில் விரித்து வைத்தால் போதும். தேன் நிறத்திலிருந்து கறுப்புவரை இருப்பது எஞ்சின் ஆயில். சிவப்பாக இருந்தால் பவர் ஸ்டியரிங் அல்லது ஆட்டோ கியர்பாக்ஸ் ஆயிலாக இருக்கலாம். கந்தக நெடி அடித்தால் கியர் ஆயில். பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ, இனிப்பு வாடையுடன் இருந்தால் கூலன்ட். நிறமும் வாடையும் இல்லாத வெறும் தண்ணீர் என்றால் ஏசி.

அடுத்தது கழுவுதல். பழைய அழுக்கின்மேல் புதிய கசிவைத் தேட முடியாது. டிகிரீசர் தெளித்து, பிரஷ்ஷால் தேய்த்து, மின் இணைப்புகளைப் பாலிதீனால் மூடி, மெல்லிய நீரோட்டத்தில் கழுவி, முழுதும் உலரவிட வேண்டும். பின்னர் பதினைந்து இருபது நிமிடம் ஓட்டிவிட்டு டார்ச்சுடன் பார்க்க வேண்டும். பார்வை மேலிருந்து கீழே வரவேண்டும். முன்னிருந்து பின்னே போக வேண்டும். ஆயில் கீழ்நோக்கி வழியும், ஓடும் காரில் காற்று அதைப் பின்னோக்கித் தள்ளும். எனவே ஈரமாக இருக்கும் மிக உயர்ந்த, மிக முன்னால் உள்ள புள்ளிதான் முதல் சந்தேகம். அங்கே தெரியாவிட்டால் சந்தேகப்படும் விளிம்புகளில் டால்கம் பவுடரைத் தூவி மறுபடி ஓட்டினால், ஆயில் வந்த வழி வெண்மையின்மேல் கறுப்புக் கோடாகத் தெரியும்.

அதிலும் பிடிபடாத கசிவுக்குப் புற ஊதா சாயம். ஆயிலில் கலந்து ஓட்டிவிட்டு, மஞ்சள் கண்ணாடி அணிந்து புற ஊதா விளக்கை அடித்தால் கசிந்த இடம் மஞ்சள் பச்சையாக ஒளிரும். முகக்கண்ணாடி வைத்து எட்டிப் பார்க்கவேண்டிய எம்எக்ஸ்-5 ஹெட்டின் பின்பக்கத்துக்கு இதுவே சிறந்த வழி. சில ஒர்க்‌ஷாப்புகள் கிராங்க்கேசுக்குள் மிகக் குறைந்த அழுத்தத்தில் புகையை விட்டும் பார்க்கின்றன. அழுத்தம் மிஞ்சினால் நல்ல சீலும் பிய்ந்துவிடும்.

அடைப்பது எப்படி

எம்எக்ஸ்-5 சென்சாரின் வேலையைக் கிட்டத்தில் பார்க்கலாம். கழற்றும் முன் சென்சாரின் உடலிலும் ஹெட்டிலும் சேர்த்து ஒரு கோடு கிழிக்க வேண்டும், ஏனென்றால் அதைத் திருப்பும் கோணம்தான் இக்னிஷன் டைமிங்கை நிர்ணயிக்கிறது. 12 மில்லிமீட்டர் ஸ்பானரில் போல்ட்டைத் தளர்த்தி, சென்சாரை இடவலமாக அசைத்து மெல்ல இழுத்தால் வெளியே வரும். பழைய வளையத்தைப் பிய்த்தெடுத்து, பள்ளத்தைத் துடைத்து, புதிய வளையத்தில் சுத்தமான ஆயில் தடவி உட்கார வைத்து, கோடுகள் பொருந்தும்படி திருப்பிச் செருக வேண்டும். அதன் முனை ஒரு பக்கமாகத்தான் பொருந்தும். கடைசியில் டைமிங் விளக்கு வைத்து 10 டிகிரி இருக்கிறதா என்று பார்த்தால் வேலை முடிந்தது.

வால்வ் கவர் கேஸ்கட் மாற்றும்போது இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. முதலாவது, ஒழுகுகிறதே என்று போல்ட்டை மேலும் மேலும் இறுக்குவது. இதே எம்எக்ஸ்-5இல் அந்தப் போல்ட்களுக்கு மஸ்டா சொல்வது 5 முதல் 9 நியூட்டன் மீட்டருக்குள்தான். விரல்களால் இறுக்கியதற்குச் சற்று மேல். மிஞ்சினால் கேஸ்கட் பிதுங்கும், அலுமினியத்தில் மரை கழன்றுவிடும். இரண்டாவது, சிலிகான் பசையை வாரிப் பூசுவது. தமிழ்நாட்டு ஒர்க்‌ஷாப்புகளில் அனபாண்ட் என்ற பிராண்டுப் பெயரிலேயே கேட்டு வாங்கும் அந்தப் பசைக்குச் சரியான இடம் உண்டு: கேம் ஷாஃப்ட் மூடிகள் ஹெட்டைச் சந்திக்கும் மூலைகளில் சிறு பொட்டு. கேஸ்கட் முழுக்கப் பூசினால் உள்பக்கம் பிதுங்கிய பசை உதிர்ந்து, சம்ப்பில் இருக்கும் ஆயில் வடிகட்டி வலையில் போய் அடைக்கும். டொயோட்டா ஜிஆர்86 எஞ்சின்களில் சம்ப்பைத் திறந்த உரிமையாளர்கள் தொழிற்சாலையில் பூசிய பசையின் துணுக்குகளே அந்த வலையில் சிக்கியிருந்ததாகப் படம்பிடித்துக் காட்டினார்கள்.

பரப்பைச் சுத்தம் செய்வதிலும் கவனம் வேண்டும். அலுமினியத்தில் இரும்புத் தகட்டால் சுரண்டினால் கோடு விழும். உராய்வுத் தாள் வட்டுகளைச் சுழலவிட்டால் அதன் தூள் ஆயிலில் கலந்து பேரிங்கை அரிக்கும். பிளாஸ்டிக் சுரண்டியும் பொறுமையும்தான் சரி.

தண்டு சீல் மாற்றும்போது சீலைவிடத் தண்டைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். பழைய உதடு பல்லாயிரம் கிலோமீட்டர் உராய்ந்து ஒரு பள்ளத்தை வெட்டியிருந்தால், புதிய சீலின் உதடும் அதே பள்ளத்தில் விழுந்து ஒழுகும். இடமிருந்தால் சீலை ஓரிரு மில்லிமீட்டர் உள்ளே தள்ளிப் பொருத்தலாம். இல்லாவிட்டால் எஸ்கேஎஃப் தயாரிக்கும் 0.28 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஸ்பீடி-ஸ்லீவ் போன்ற மெல்லிய உலோக உறையைத் தண்டின்மேல் ஏற்றலாம்.

பாட்டிலில் விற்கும் லீக் நிறுத்திகள் பற்றியும் சொல்ல வேண்டும். அவற்றில் பலவும் ரப்பரை ஊதவைத்து மென்மையாக்கும் வேதிப்பொருள்கள். இறுகிப்போன சீலின் சிறு கசிவைச் சில மாதம் அடக்கும். கிழிந்த கேஸ்கட்டையோ அழுத்தத்தையோ ஒன்றும் செய்யாது. அதிகமானால் நல்ல ரப்பரையும் கூழாக்கும். பழைய எஞ்சின்களுக்கென்று விற்கும் ஹை மைலேஜ் ஆயில்களில் இதே வகைப் பொருள் அளவோடு கலந்திருக்கிறது. அது பாதுகாப்பான வழி. சிந்தெடிக் ஆயில் ஊற்றினால் லீக் வரும் என்ற அச்சம் 1970களின் தொடக்ககால சிந்தெடிக் ஆயில்களிலிருந்து வந்தது. அவற்றின் அடிப்படை எண்ணெய் சில ரப்பர்களைச் சுருங்க வைத்தது. அதை ஈடுகட்டும் எஸ்டர்கள் சேர்க்கப்பட்ட இன்றைய ஆயில்களுக்கு அந்தக் குறை இல்லை.

வாங்கும் முன்னும் பழுதுபார்த்த பின்னும்

பளபளவென்று கழுவித் துடைத்த எஞ்சினை விற்பவர் காட்டினால் மகிழ்வதற்கு முன் அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். இலேசான புழுதி படிந்து, ஆனால் உலர்ந்திருக்கும் எஞ்சினே நம்பத்தக்கது. லிஃப்டில் ஏற்றி அடித்தட்டுகளைக் கழற்ற விற்பவர் சம்மதிக்காவிட்டால், அந்தக் கார் வேண்டாம். ஆயில் மூடியில் தாள் சோதனை, சூட்டில் பிரஷர், ஸ்டார்ட் செய்யும்போது புகை ஆகிய மூன்றையும் பார்த்த பிறகுதான் விலையைப் பேச வேண்டும். வால்வ் கவர் கசிவும் சென்சார் வளையமும் விலையைக் குறைக்கக் காரணமாகலாம். காரைத் தள்ளிவிடக் காரணமாகா. எம்96இல் சொட்டும் ரியர் மெயின் சீல், கிளட்சும் பேரிங்கும் சேர்த்து ஒரு பெரிய வேலையின் செலவைக் கழித்துப் பேசவேண்டிய இடம். வளையத் தேய்மானத்தால் கிராங்க்கேசில் அழுத்தம் ஏறியிருக்கும் எஞ்சினும், சூட்டில் பிரஷர் விழும் 370இசட்டும், பெரிய எஞ்சின் வேலைக்குப் பணம் ஒதுக்கியவர் மட்டும் தொடவேண்டியவை.

பழுது பார்த்தபின் எஞ்சினை மறுபடி கழுவி, 500 கிலோமீட்டர் ஓட்டிவிட்டுத் திரும்பவும் லிஃப்டில் பார்க்க வேண்டும். மாற்றிய பாகம், தேதி, ஓடிய தூரம் மூன்றையும் சர்வீஸ் புத்தகத்தில் எழுதி வைப்பது அடுத்த முறை தேடுபவருக்குப் பாதி வேலையை மிச்சப்படுத்தும். உலர்ந்திருந்தால் கவலையில்லை. புதிய சீல் போட்ட அதே இடம் மறுபடி நனைந்திருந்தால், இன்னொரு சீலை வாங்கும் முன் பார்க்க வேண்டியவை இரண்டு: பிசிவி வழி திறந்திருக்கிறதா என்பதும், சீல் உட்காரும் தண்டில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்பதும்.